ஓட முடியாத நாளில் அவள் எப்படி இருக்கிறாள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தங்கச்சிக்கு 19 வயது, ஆறாம் படிவம் படிக்கிறாள். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து செம்பனைக் காட்டுப் பாதையில் ஓடுகிறாள். சாயங்காலம் பாடாங் திடலில் மறுபடியும் ஓட்டம். மழை பெய்தால் வீட்டுக்குப் பின்னால் ஸ்கிப்பிங் கயிறு. சோற்றைத் தொடுவதில்லை. ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி என்கிறாள், ஆனாலும் நிறுத்தவில்லை. அம்மாவோ, "நல்ல பழக்கம்தானே, நம்ம வீட்டு இனிப்பு நீர் இவளுக்காவது வராம இருக்கட்டும்" என்கிறார், சர்க்கரை நோயை நினைத்து. ஷூவை ஒளித்து வைத்துவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: எவ்வளவு ஓடினால் அதிகம்? நல்ல பழக்கம் எந்த இடத்தில் நோயாகிறது?

நான் ஃபிசியோதெரப்பிஸ்ட். பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 22 வருடமாக வேலையும் பேராக்கில்தான். மனநல மருத்துவர் இல்லை. நேரில் பார்க்காத பெண்ணுக்கு நோய்ப் பெயர் சூட்டவும் மாட்டேன். ஆனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும் பெண்கள் மனநல மருத்துவரிடம் போவதற்கு வெகு நாள் முன்பே, முட்டி வலி, கால் எலும்பு வலி என்று எங்களிடம் வந்துவிடுகிறார்கள். அதனால் இந்த ஓட்டத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இன்னொன்று: எடை, கலோரி பற்றிய எண் எதையும் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. இதை உங்கள் தங்கச்சி படிக்கலாம். படித்தால் அந்த எண்களைத்தான் முதலில் பிடித்துக்கொள்வாள்.

எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மாநிலத்துக்கு ஓடுகிற ஒரு பெண் உங்கள் தங்கச்சியைவிட இரண்டு மடங்கு ஓடிவிட்டு, வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுத் தூங்குவாள். காய்ச்சல் என்றால் படுத்துக்கொள்வாள். நான் பார்ப்பது ஓடாத நாளை. மழை, காய்ச்சல், உறவுக்காரர் கல்யாணம், பரீட்சை, எதுவோ ஒன்று குறுக்கே வந்து ஓட முடியாமல் போனால் அவளுக்கு என்ன ஆகிறது? எரிச்சல், படபடப்பு, அழுகை வருகிறதா? அன்றைக்குச் சாப்பாட்டைக் குறைக்கிறாளா? விட்டதை மறுநாள் சேர்த்து ஓடுகிறாளா? வலியோடும் ஓடுகிறாளா? யாருக்கும் தெரியாமல் அறைக்குள் செய்கிறாளா? ஓட்டத்தில் சந்தோஷம் இருக்கிறதா, இல்லை ஓடி முடித்தால்தான் மூச்சு விட முடிகிறதா? நீங்கள் எழுதியதில் மழைக்கும் வலிக்கும் பதில் இருக்கிறது. சாப்பாடும் மாதவிலக்கும் கூடச் சேர்ந்திருக்கின்றன. இத்தனையும் ஒரே பெண்ணிடம் இருந்தால் அதைப் பழக்கம் என்று நான் விட்டுவிட மாட்டேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். கால் வலி என்று வந்தாள். உட்காரச் சொன்னால், "பரவால்ல மிஸ், நிக்கிறேன்" என்றாள். வற்புறுத்திப் படுக்க வைத்தேன். போர்வைக்குள் பாதங்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. நாடி பார்க்கக் கையைப் பிடித்தால், மத்தியான வெயில் நேரத்தில் ஐஸ் மாதிரி இருந்தது. முன்கையில் பச்சைப் பிள்ளைக்கு இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி. கால் எலும்பில் விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தேன். இருபது சென் காசு அளவு ஒரு இடத்தில் விரல் பட்டதும் உதட்டைக் கடித்தாள், சத்தம் போடவில்லை. "ஆறு வாரம் ஓடக்கூடாதும்மா" என்றேன். வலிக்கு அழாத பெண் அதற்கு அழுதாள். "அப்போ நான் எப்படி மிஸ் சாப்பிடறது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் முழு நோயும் இருக்கிறது. சாப்பாடு அவளுக்குக் கடனாகிவிட்டது. ஓடி அடைத்தால்தான் அடுத்த வேளைக்கு வாயைத் திறக்க முடிகிறது. அவள் காலை மட்டும் பார்த்து, கட்டுப் போட்டு அனுப்பியிருந்தால், ஓட்டம் நின்ற அன்றே சாப்பாடும் நின்றிருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தப்புச் செய்து தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குறுக்கோட்டத்தில் மாவட்டத்துக்கு ஓடிய ஒரு மாணவி வந்தாள். வலியோடும் விடாமல் ஓடுகிறாளே என்று அவள் மனவுறுதியைப் பாராட்டினேன். உடம்பு இளைத்து ஓட்டக்காரி மாதிரி ஆகிவிட்டாய் என்று அதையும் பாராட்டினேன். மாதவிலக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வருடம் கழித்து, தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிவோடு அவளைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். பாட்டிமார்கள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் உடைகிற இடம் அது. அவள் எங்கேயும் விழவில்லை. அதற்குப் பிறகு கால் எலும்பு வலி என்று எந்த இளம்பெண் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்காமல் நான் அனுப்பியதில்லை: கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது? ஓடாத நாளில் எப்படி இருப்பாய்?

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்பீர்கள். டிக்டாக் கொண்டு வந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். 1873-இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், சாப்பிட மறுத்து உடம்பை இளைக்க வைக்கும் இந்த நோய்க்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்று பெயர் வைத்தார். எலும்பும் தோலுமாக இருக்கும் பெண்கள் ஓயாமல் நடமாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவரே அப்போது வியந்து எழுதியிருக்கிறார். 1967-இல் வந்த ஓர் ஆய்வில், எலிகளுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் தீனி கொடுத்து, மற்ற நேரம் ஓடுவதற்குச் சிலவற்றுக்கு மட்டும் சக்கரம் வைத்தார்கள். சக்கரம் இல்லாத எலிகள் அந்த ஒரு மணி நேரத் தீனியில் சமாளித்துக்கொண்டன. சக்கரம் இருந்தவை நாளுக்கு நாள் அதிகமாக ஓடி, தின்பதையும் குறைத்து, சாகும்வரை போயின. எலிக்கு இடுப்பளவைப் பற்றிக் கவலை இல்லை. உடம்பில் கொழுப்பு குறையும்போது லெப்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. எலிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஓட்டம் அடங்குகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. ஆக, குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிற உடம்புக்குள் இன்னும் ஓடு என்று விரட்டுகிற ஒன்று இருக்கிறது. உங்கள் தங்கச்சி பிடிவாதக்காரி என்று திட்டுவதற்கு முன் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் பசி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று நாம் சொல்வது அங்கே அப்படியே நடந்தது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு, சமையல் புத்தகம் சேர்ப்பது, தட்டை வழித்து நக்குவது, எரிச்சல், சோர்வு, யாரோடும் பழகப் பிடிக்காமல் போவது. இவற்றில் பாதியை இந்த நோயுள்ள பெண்களிடம் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆண்கள் சுருண்டு படுத்தார்கள், ஓடத் துடிக்கவில்லை. இந்த நோய் வருகிறவர்களுக்குப் பிறப்பிலேயே ஏதோ ஒரு வாகு இருக்கிறது, பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பதுவரை ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். அதற்கு மேல் ஒருமித்த கருத்து இல்லை. எத்தனை பேருக்கு இந்த ஓட்ட வெறி இருக்கிறது என்பதும் அப்படித்தான். உணவுக் கோளாறு உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் என்று ஒரு கணக்கு வரும், ஐந்தில் நான்கு பேர் என்று இன்னொரு கணக்கு வரும். ஒவ்வொரு ஆய்வும் வேறு வேறு அளவுகோல் வைத்திருப்பதுதான் காரணம்.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால், உயிருக்கு உடனே தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிலக்கு முதலில் நிற்பவற்றில் ஒன்று. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிட்டது என்று அர்த்தம், எலும்பு மெலிகிறது என்று அர்த்தம். எலும்பில் சேமிப்பு ஏறுவது பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதிவரைதான். அந்த வயதில் இழப்பதை முழுசாகத் திரும்பப் பெற முடியாமல் போவதும் உண்டு. மாதவிலக்கு வரவைக்கக் கர்ப்பத்தடை மாத்திரை கொடுத்தால் ரத்தம் வரும். எலும்பு அதனால் மீளாது. எல்லாம் சரியாகிவிட்டது என்ற பொய்யான நிம்மதிதான் மிஞ்சும். இதயமும் மெதுவாகும். "ஓடுறவங்களுக்கு நாடி மெதுவாத்தான் இருக்கும்" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். நன்றாகச் சாப்பிட்டு ஓடுகிறவர்களுக்கு அது சரி. சாப்பிடாமல் ஓடுகிற பெண்ணுக்கு, விழித்திருக்கும்போதே நிமிடத்துக்கு 50-க்குக் கீழே நாடி இருந்தால் அது எச்சரிக்கை. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், கடைசிவரை நார்மலாகவே காட்டும் உடம்புகள் உண்டு. எடையும் ஏமாற்றும். கொஞ்சம் பருமனாக இருந்த பெண் சீக்கிரமாக இளைத்தால், பார்க்க ஒல்லியாகத் தெரியாமலேயே அதே ஆபத்தில் இருப்பாள். அவளைத்தான் எல்லாரும் பாராட்டவும் செய்வார்கள்.

பாராட்டு என்றதும் நம் வீடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. மலேசியாவில் இனிப்பு நீர் அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தான். காலை இழந்த மாமா ஒருவர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. ஜப்பான் ஆட்சிக் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த பாட்டிகள் வளர்த்த வீடுகள் இவை. வீட்டில் சோறு இருக்கும்போது ஒரு பெண் தானாகப் பட்டினி கிடப்பாள் என்று நம்பவே நமக்கு மனசு வராது. அதோடு, கல்யாண மண்டபத்தில் வாயிற்படி தாண்டுவதற்குள், "என்னடி இப்படி ஊதிட்டே" என்று ஒருத்தி, அடுத்த வருடம் "நல்லா இளைச்சிட்டியே, என்ன பண்ணே?" என்று அதே ஆள். உங்கள் தங்கச்சி எப்போது ஓட ஆரம்பித்தாள் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ எதையோ சொன்ன ஒரு நாள் அதற்குப் பக்கத்தில் இருக்கலாம்.

விரதமும் இதில் வந்து கலக்கும். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் பால்குடம் எடுத்தவள். ஆனால் இந்த நோய் உள்ளவளுக்கு விரதம் நல்ல மறைப்பு. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நேர்த்திக்கடன் முடிந்த மறுநாள் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாளா, இல்லை அடுத்த விரதத்துக்குக் காரணம் தேடுகிறாளா என்று பாருங்கள்.

இனி ஷூ விஷயம். ஒளித்து வைக்காதீர்கள். ஷூ போனால் ஓட்டம் அறைக்குள் போகும்: கதவைச் சாத்திக்கொண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு சிட்டப், நின்றுகொண்டே படிப்பது, எதையாவது மறந்துவிட்டதுபோல மாடிப்படி ஏறி இறங்குவது. உங்கள் மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். பேச வேண்டும், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். எடையைப் பற்றியும் அழகைப் பற்றியும் வேண்டாம். "எலும்பும் தோலுமா ஆயிட்டே" என்பது அவள் காதில் பாராட்டாகத்தான் விழும். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "நேத்து இடி இடிக்கும்போதும் ஓடப் போனியே, எனக்குப் பயமா இருந்துச்சு. கால் வலிக்குது, தெரியுது. நாம ஒரு தடவை காட்டிட்டு வருவோம்." முதல் தடவை கத்துவாள். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பேசுங்கள்.

பதின்வயதுப் பெண்களுக்கு நல்ல ஆதாரம் இருக்கிற சிகிச்சை, குடும்பமே சாப்பாட்டுப் பொறுப்பைக் கையில் எடுப்பதுதான். 19 வயதானாலும் வீட்டில்தானே இருக்கிறாள், அதில் சிலவற்றை நீங்கள் இப்போதே ஆரம்பிக்கலாம். அம்மா பரிமாறட்டும், வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். "ஓடிட்டு வந்து சாப்பிடறேன்" என்ற பேரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். சாப்பிட்டு முடித்த அரை மணி நேரம்தான் அவளுக்கு மிகக் கஷ்டமான நேரம். நாடகம் பார்த்தோ, தலை பின்னிவிட்டோ யாராவது பக்கத்தில் இருங்கள். ஒன்று மட்டும் கவனம். பல வாரம் மிகக் குறைவாகச் சாப்பிட்டவளை ஒரே நாளில் வயிறு நிறைய ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சட்டென்று இறங்கி இதயத்தைத் தாக்கலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீண்டவர்கள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததும் இதனால்தான். அதனால்தான் முதலில் கிளினிக் என்கிறேன்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்துக்குப் பார்ப்பார்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடி, ரத்த அழுத்தம், ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "ஒல்லியாகிவிட்டாள்" என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். சாப்பிடுவதில்லை, வலியோடு ஓடுகிறாள், ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். மாதவிலக்கு நின்ற எந்தப் பெண்ணுக்கும் அது வழக்கம்தான். இதை அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லித் தயார்ப்படுத்தி வையுங்கள். அங்கே போய் அவர் பதறினால் தங்கச்சி அடுத்த முறை வரமாட்டாள். அங்கிருந்து மனநலப் பிரிவுக்கும் உணவியல் நிபுணருக்கும் கடிதம் வாங்குங்கள். மனநலம் என்றதும் வீட்டில், "என்ன, தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று யாராவது கேட்பார்கள். 1911-இலிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது, பேராக்கில் அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு வெளிநோயாளிகளாகவே பார்க்கிறது, மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. கடிதம் வாங்கியும் தேதி கிடைக்க நாளாகலாம். நடுவில் உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 இருக்கிறது.

ஓட்டத்தை முழுசாக நிறுத்த வேண்டுமா, குறைத்தால் போதுமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நாடியும் ரத்தமும் கெட்டிருந்தால் முழு ஓய்வு, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு, ஆள் பக்கத்தில் இருந்து, அளந்து செய்ய வைக்கும் மெதுவான பயிற்சி எடை ஏறுவதைக் கெடுப்பதில்லை, மனசுக்கும் நல்லது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அவை சின்ன ஆய்வுகள், அதுவும் பெரும்பாலும் நிபுணர் குழு இருக்கும் இடங்களில் நடந்தவை. வீட்டில் நீங்களாக முயற்சி செய்யச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சிகிச்சை முடிந்து போகும்போதும் இந்த ஓட்டத் துடிப்பு அடங்காதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது மட்டும் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. அதனால் எடை ஏறிவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, பாதம் வீங்கினாலோ, குந்தி உட்கார்ந்துவிட்டுக் கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலோ, கடிதத்துக்கும் தேதிக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

கால் வலியை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், அவளைக் கிளினிக் வாசல்வரை கொண்டுபோக அதுதான் நல்ல வழி என்பதால். சாப்பாட்டுக்காக வரமாட்டாள், காலுக்காக வருவாள். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிக்கிறது, ஓடும்போது கூடுகிறது, இப்போது நடக்கும்போதும் வலிக்கிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். "ஒன்றும் இல்லை" என்று சொன்னால், எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரேயை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் காலில் ஓட்டமும் வேண்டாம், ஸ்கிப்பிங்கும் வேண்டாம். ஃபிசியோவுக்கு அனுப்பினால், வந்ததும் மாதவிலக்கு நின்றதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.